'லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்' நாவலுக்கான முன்வாசிப்பு அட்டைகள்: வாங்கலாமா?

வாங்கலாம். ஆளில்லாத் தீவில் சிக்கிய சிறுவர்களைப் பற்றிய வில்லியம் கோல்டிங்கின் 1954ஆம் ஆண்டு நாவலுக்குள், படிக்கத் தொடங்கும் முன்பே மாணவர்களை அழைத்துப் போக, இதிலுள்ள கூற்றுத் தாள் அருமையாக உதவும். "பயம் வந்தால் நல்லவனும் கொடுமை செய்வான்", "தலைவன் இல்லாத கூட்டம் உடைந்துபோகும்" என எட்டுக் கூற்றுகள். ஒவ்வொருவரும் முதலில் தனியாக ஆம், இல்லை குறித்து, ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். அதன் பிறகே நால்வர் குழு. வரிசையை மாற்றினால், சத்தமாகப் பேசுபவர் சொல்வதே குழுவின் கருத்தாகிவிடும்.

"நட்பு முக்கியம்" என்ற கூற்றை மட்டும் அடித்துவிடுங்கள். எல்லோரும் ஆம் என்பார்கள்; விவாதிக்க ஒன்றும் இருக்காது.

பார்த்துக் கதையை ஊகிப்பதற்கான படங்களில் தீவும் சங்கும் போதும். உடைந்த மூக்குக்கண்ணாடிப் படத்தைக் காட்டாதீர்கள், கதையைக் கசியவிடுகிறது. ஊகத்துக்குக் கீழே "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் மாணவர்கள் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டுப் போவார்கள்.

ஒரே பாடவேளை போதும் என்கிறது கையேடு. போதாது, இரண்டு வேண்டும்.

பெரிய குறை, 'படித்த பின்' என்ற நெடுவரிசை கூற்றுத் தாளில் இல்லாதது. வலப்பக்கம் கோடு போட்டு நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். நான்காம் அத்தியாயம் முடிந்ததும் அதே தாளைத் திரும்பக் கொடுத்து, கருத்து மாறிய கூற்றுக்கு எதிரே, மாற்றிய பக்கத்தின் எண்ணை எழுதச் சொல்லுங்கள்.