பெக்கா பி40 இலவச உடற்பரிசோதனை: கோலாலம்பூரிலிருந்து ஒரு மதிப்பீடு

ஸ்தாப்பாக் வட்டாரத்தில் உள்ள ஒரு தனியார் கிளினிக்கில் என் சித்தப்பாவுக்கு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மலேசிய அரசின் பெக்கா பி40 திட்டத்தின் கீழ் உடற்பரிசோதனை செய்தோம். 2019இல் தொடங்கிய இத்திட்டம், அரசின் ரொக்க உதவி பெறுவோரிலும் அவர்களின் துணைவரிலும் 40 வயதை எட்டியவர்களுக்கு உரியது. மைகாட் அடையாள அட்டையைக் காட்டினோம், கட்டணம் எதுவும் இல்லை. முதல் வருகையில் எடை, இரத்த அழுத்தம் பார்த்து, இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். இரண்டாம் வருகையில் டாக்டர் முடிவுகளை அவசரப்படாமல் விளக்கினார். பதிவு மேசையில் இருந்த பெண் தமிழிலேயே பேசியது, மலாய்ப் படிவங்களைக் கண்டு தயங்கும் சித்தப்பாவுக்குப் பெரிய ஆறுதல். சேவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சித்தப்பாவுக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருப்பது அப்போதுதான் தெரிந்தது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது; மலேசிய இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. காய்கறி அதிகம் சாப்பிடுங்கள், தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். எங்கே நடப்பார் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் சித்தப்பா, தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டின் பின்னால் முருங்கையும் கீரையும் வளர்த்தார். ஆனால் வீடும் மண்ணும் தோட்ட நிர்வாகத்துடையவை என்பதால், தோட்டம் விற்கப்பட்டபோது வேலையோடு எல்லாமே போயிற்று. இன்று அவர் குடியிருப்பது அடிக்கடி மின்தூக்கி பழுதாகும் அடுக்குமாடியின் மேல்தளத்தில். கீழே இருக்கும் வெளியெல்லாம் கார் நிறுத்துமிடம். தேசிய விளையாட்டரங்கம் நிற்கும் புக்கிட் ஜாலில்கூட ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடம்தான். அங்கு எஞ்சிய தொழிலாளர் குடும்பங்கள் தாங்கள் வாழ்ந்த மண்ணில் ஒரு பகுதியைக் கேட்டுப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

நம் அரசமைப்புச் சட்டத்தில் நிலம் மாநில அரசின் பொறுப்பு, சுகாதாரம் மத்திய அரசின் பொறுப்பு. ஆனால் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். இங்கே இரண்டும் மத்திய அரசிடமே இருக்கின்றன. ஒரு கையால் இலவசமாக நோயைக் கண்டுபிடிக்கும் அரசு, மறுகையில் உள்ள நிலத்தில் கொஞ்சத்தை இந்த அடுக்குமாடிகளின் அருகே நடைபாதைக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் ஒதுக்குவதற்கு எந்தத் தடையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தகுதியுள்ள உறவினர்களை இப்பரிசோதனைக்குத் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். குடியிருக்கும் மாடி, மின்தூக்கியின் நிலை, அருகில் காய்கறி கிடைக்கும் தூரம் ஆகியவற்றை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி, அதற்கேற்ற ஆலோசனையைக் கேட்டு வாங்குங்கள்.