பைபர்: அழகை விடுங்கள், அகர வரிசை சரியா?

துணைநூற்பட்டியல் மென்பொருளைப் பற்றி யார் எழுதினாலும் எத்தனை பாணிகள் இருக்கின்றன, சாய்வெழுத்து ஒழுங்காக விழுகிறதா, காற்புள்ளி சரியான இடத்தில் நிற்கிறதா என்றே பார்க்கிறார்கள். அதையெல்லாம் இன்று ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் செய்துவிடுகின்றன. நான் முதலில் போடும் சோதனை வேறு: தமிழ்ப் பெயர்கள் கொஞ்சம் கொடுத்தால் அகர வரிசையில் அடுக்கித் தருகிறதா? அழகழகான திரைகளோடு வரும் கருவிகள் கூட இங்கே வழுக்கி விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் பைபர் பக்கம் போனேன்.

பைபர் என்பது, லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில், துணைநூற்பட்டியலை அமைக்கும் பிப்லேடெக் பொதிக்குப் பின்னால் ஓடும் நிரல். பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதியது, இலவசம், லேடெக்கை மொத்தமாகத் தரும் டெக் லைவ் தொகுப்பை முழுசாக நிறுவியிருந்தால் கணினியில் ஏற்கெனவே இருக்கும். இதற்கு முன் அந்த வேலையைச் செய்தது, இன்னமும் பல இடங்களில் செய்துகொண்டிருப்பது, 1985-இல் வந்த பிப்டெக். அதில் அடுக்குவது, அச்சுக்கு வடிவமைப்பது இரண்டும் ஒரே பாணிக் கோப்புக்குள் பின்னிக் கிடக்கும். அந்தக் கோப்பின் நிரல்மொழியோ செயலைக் கடைசியில் எழுதும் தலைகீழ் நடை, ஒரு காற்புள்ளியை நகர்த்தப் போனவர்கள் பலர் போன வழியே திரும்பியிருக்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் படிப்பதும் அடுக்குவதும் பைபர், வடிவமைப்பு பிப்லேடெக். இந்தப் பிரிவினைதான் மற்ற நன்மைகளுக்கெல்லாம் காரணம்.

சரி, சோதனைக்கு வருவோம். ஆறு பெயர்கள்: அன்பரசி, அபிராமி, அரசன், அறிவழகன், அலமேலு, அழகன். இந்த வரிசையைப் பார்த்ததும் பள்ளிப் பிள்ளைக்குக் கூட ஏதோ இடிக்கும். ஆனால் கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு அட்டவணையின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் எந்தக் கருவியும் இதைத்தான் தரும், ஏனென்றால் யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னாலும் உட்கார்ந்திருக்கின்றன. பைபர் எண்ணைப் பார்ப்பதில்லை. யூனிகோடின் வரிசைப்படுத்தும் நெறிமுறை என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைப் பின்பற்றுகிறது. எந்த அமைப்பையும் தொடாமல் ஓடவிட்டாலே அபிராமி, அரசன், அலமேலு, அழகன், அறிவழகன், அன்பரசி என்று வந்துவிட்டது. ஜானகியைச் சேர்த்தால் சகரத்துக்குப் பின்னால் நுழையாமல், அகராதிகளில் போல னகரம் தாண்டிக் கடைசிக்குப் போகிறாள்.

அப்புறம் மெய்யெழுத்தின் புள்ளி. அக்கினி முதலிலா, அகிலன் முதலிலா? தமிழ் அகராதி அக்கினியை முன்னால் வைக்கும். பொது நெறிமுறையில் புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிறகு வருவதால் அகிலன் முந்திக்கொள்கிறான். பிப்லேடெக்கில் சார்ட்லொக்கேல் என்ற விருப்பத்துக்குத் தமிழின் இரண்டெழுத்துக் குறியீட்டைக் கொடுத்தால் போதும், அக்கினி முன்னால் வந்துவிடும். இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ளாமல் கைமுறையாகப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தமிழும் ஆங்கிலமும் கலந்த பட்டியலில் ஆங்கிலப் பதிவுகள்தான் முதலில் வருகின்றன. தமிழை முன்னால் கொண்டுவர ஒவ்வொரு பதிவாகத் தொட வேண்டியதில்லை. பதிவுகளுக்கு ப்ரீசார்ட் என்றொரு புலம் உண்டு. ஒன்றும் கொடுக்காவிட்டால் பைபரே இரண்டு எம் எழுத்துகளை அதில் வைத்துக்கொள்ளும். ஆசிரியர் பெயரில் தமிழ் எழுத்து இருந்தால் அங்கே இரண்டு ஏ எழுத்துகளைப் போடு என்று லேடெக் ஆவணத்தின் முகப்பில் ஒரு விதி எழுதிவிட்டால், பதிவுகள் இருக்கும் மூலக்கோப்பைத் தொடாமலே தமிழ் நூல்கள் மேலே வந்துவிடுகின்றன. எனக்கு இந்த மென்பொருளில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

முன்னெழுத்துகளிலும் குறை சொல்ல முடியாது. 'மு. அரசன்' என்று எழுதினால் கடைசிச் சொல்லை முதன்மைப் பெயராக எடுத்துக்கொண்டு அகரத்தில் வைக்கிறது. பட்டியலில் க. அரசனும் இருந்தால், ஆசிரியர்-ஆண்டு பாணியில் கட்டுரைக்குள் மேற்கோள் காட்டும்போது இருவரையும் பிரித்துக்காட்ட முன்னெழுத்தைத் தானாகவே சேர்த்துவிடுகிறது. இரண்டு ஆசிரியர்களுக்கு நடுவே மட்டும் ஆங்கில 'அண்ட்' போட வேண்டும், நிறுவனப் பெயர் என்றால் கூடுதலாக ஒரு ஜோடி அடைப்புக்குறி போட வேண்டும், இல்லாவிட்டால் நிறுவனத்துக்கும் முன்னெழுத்து தேட ஆரம்பித்துவிடும்.

இனி குறைகள். பிப்டெக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிப்பதை இது நிதானமாகச் செய்கிறது, பெரிய கோப்பு என்றால் நன்றாகவே தெரியும். பிப்லேடெக்கின் பதிப்பும் பைபரின் பதிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், ஒன்றை மட்டும் புதுப்பித்துவிட்டு இன்னொன்றை விட்டால் வேலை நின்றுவிடும். இதழ்களுக்கு அனுப்புகிறவர்கள் முதலில் அவர்களுடைய வார்ப்புருவைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிப்டெக் மட்டும்தான் ஏற்போம் என்கிற பதிப்பகங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த இடத்தில் இவ்வளவு வசதியும் வீண்.

மூலக்கோப்பையே ஒழுங்குபடுத்த 'டூல்' என்று தனி முறை இருக்கிறது. புலங்களை நேர்வரிசையில் நிறுத்தும், உள்தள்ளலைச் சீராக்கும், பழைய கோப்பில் கை வைக்காமல் புதுக் கோப்பாகத் தரும். இதுவரை அருமை. ஆனால் அந்தக் கோப்புக்குள்ளேயே பதிவுகளை ஆசிரியர் வரிசையில் அடுக்கித் தா என்று கேட்டால், எக்ஸ்எம்எல்லில் ஒரு அமைப்புக் கோப்பு எழுது என்கிறது! அடுக்குவதையே பிழைப்பாகக் கொண்ட நிரல் இப்படிக் கேட்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கோப்பை வெறுமனே அடுக்கிச் சுத்தம் செய்வதுதான் தேவை என்றால் இத்தகைய கோப்புகளை நிர்வகிக்கும் ஜாப்ரெஃப் என்ற மென்பொருள் போதும், திரையில் பார்த்துக்கொண்டே செய்யலாம். லேடெக்கே எழுதாதவர்களுக்கு ஜொடேரோ என்ற மேற்கோள் மென்பொருள். தமிழ் நூல்கள் நிறைய வரும் ஆய்வேட்டை லேடெக்கில் எழுதுகிறவர்கள் யோசிக்காமல் பைபருக்கு வரலாம்.

வந்தபின் பார்க்க வேண்டிய ஒன்று ஸ்ரீ. 'கொ' என்பதை ஒற்றைக் குறியாக அடித்தாலும் ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்து அடித்தாலும் பைபர் உள்ளே இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது, சிக்கல் இல்லை. ஸ்ரீ அப்படி இல்லை. ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். யூனிகோடைப் பொறுத்தவரை இவை வேறு வேறு எழுத்துத் தொடர்கள், ஆகவே ஒரே ஸ்ரீநிவாசன் பட்டியலில் இரண்டு இடங்களில் தோன்றி, ஆசிரியர் இருவர் என்று கணக்காகிவிடுவார். தமிழை மேலே கொண்டுவந்த அதே மாற்று விதிகளில் ஒன்றைக் கூட்டி, ஶகரத்தில் தொடங்கும் ஸ்ரீயை ஸகரத்துக்கு மாற்றச் சொல்லிவிடுங்கள்.