பைப்லைனா, வெப்பா? சோதனை எண்களுக்குப் பின்னால்

மூளை ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து பலூன் போல உப்பினால் அது அனியூரிசம். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. மண்டையைத் திறக்காமல், ரத்தக்குழாய் வழியாகவே கொண்டுபோய் வைக்கும் கருவிகளில் பைப்லைன், வெப் இரண்டையும் பலர் எடை போட்டுப் பார்க்கிறார்கள்.

பைப்லைன் உப்பலுக்குள் போவதே இல்லை. 48 உலோக இழைகளால் பின்னிய மெல்லிய குழல் அது. ரத்தக்குழாய்க்குள் விரிந்து, உப்பலின் வாயை மறித்து நிற்கும். உள்ளே ரத்தம் தேங்கி உறையும். அப்புறம் குழாயின் உட்சுவர்த் திசு அந்தப் பின்னல்மேல் வளர்ந்து வாயை மூடும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். 108 பேர் சேர்ந்த பஃப்ஸ் சோதனையில் அது அப்படியே தெரிகிறது: உப்பல் முழுதாக அடைபட்டது 6 மாதத்தில் 73.6%, ஓராண்டில் 86.8%, 5 ஆண்டு கழித்துப் பரிசோதிக்கப்பட்டவர்களிடம் 95.2%.

வெப் என்பது நைட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலப்பு உலோகக் கம்பியில் பின்னிய கூடை. உப்பலுக்குள்ளேயே விரிந்து உட்காரும். 150 பேரிடம் நடந்த வெப்-ஐடி சோதனையில் ஓராண்டில் முழு அடைப்பு 53.8%.

அப்படியென்றால் பைப்லைன்தான் சிறந்தது என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. பஃப்ஸில் இருந்தவை உட்கழுத்துத் தமனியில் வந்த பெரிய, ராட்சத உப்பல்கள். வெப்-ஐடியில் இருந்தவை கிளை பிரியும் இடத்தில் வந்த அகன்ற வாய் உப்பல்கள். அங்கே பைப்லைனை வைத்தால் ஒரு கிளையின் வாயையே இழைகள் மறைத்துவிடக்கூடும். இரண்டு சோதனையிலும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு சிகிச்சை பெற்ற குழு கிடையாது. முன்பே குறித்த ஓர் இலக்கைத் தாண்டியதா என்றுதான் பார்த்தார்கள். பெரும் பக்கவாதம் அல்லது நரம்பியல் மரணம் பஃப்ஸில் 5.6%, வெப்-ஐடியில் முதன்மைப் பாதுகாப்பு அளவுகோலில் 0.7%. இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைக்க முடியாததற்கும் காரணம் அதேதான்.

எனக்கு முக்கியமாகப் படுவது மருந்து விஷயம். பைப்லைன் வைத்தால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்துப் பல மாதம் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் குழலிலேயே ரத்தம் உறையலாம். ஏற்கெனவே வெடித்துக் கசிந்த அனியூரிசத்தில் அந்த மருந்துகளே பயம். வெப் ரத்தக்குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்காததால் பெரும்பாலும் அந்தக் கட்டாயம் இல்லை. ஐரோப்பாவில் வெடித்த அனியூரிசங்களுக்கு வெப் வைத்த கிளாரிஸ் ஆய்வில், 60 பேரில் ஒருவருக்கும் ஓராண்டு வரை அதே இடத்தில் மறுபடி கசியவில்லை. இடம் பொருந்துமானால், வெடித்த அனியூரிசத்துக்கு என் சாய்வு வெப் பக்கம்தான்.