கஞ்சாச் செடியை உலர்த்த எது நல்லது: கொடியா, வலைத்தட்டா, அடுப்பா?

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் ஒரு வீட்டில் நான்கு கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது. கியூபெக் மாகாணம் அதைத் தடுத்துவிட்டது. அந்தத் தடை செல்லும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒன்ராறியோவில் வெளியே நட்டவர்கள் பெரும்பாலும் அக்டோபரில்தான் வெட்டுகிறார்கள். மழையும் குளிருமான மாதம். கோடை முழுக்கப் பார்த்துப் பார்த்து வளர்த்தது வெட்டிய பிறகு பூஞ்சை பிடித்துப் போனால் வயிறு எரியும்.

என் ஓட்டு, கிளையோடு கொடியில் தலைகீழாகத் தொங்கவிடுவதற்கே. பேஸ்மென்டில் இருட்டான அறை, 15 முதல் 20 பாகை செல்சியஸ், காற்றில் ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம். இப்படி இருந்தால் ஒன்றரை, இரண்டு வாரத்தில் உலர்ந்துவிடும். தண்டில் இருக்கும் ஈரம் மெல்ல மெல்லப் பூவுக்கு வருவதால், வெளியே முறுகி உள்ளே பச்சையாக நிற்கும் தொல்லை குறைவு. மணத்தைத் தரும் டெர்பீன்கள் சட்டென்று ஆவியாகக் கூடியவை. குளிர்ச்சியில் நிதானமாக உலர்ந்தால்தான் தங்கும். மின்விசிறியைப் பூக்களின் பக்கம் திருப்பாமல் சுவரைப் பார்த்து வையுங்கள். இதில் உள்ள சிரமம் இடமும் வாசனையும்தான். அடுக்குமாடியில் பக்கத்து வீடு வரை மணக்கும்.

வலைத்தட்டில் வேலை சீக்கிரம் முடியும். பூக்களைக் கிளையிலிருந்து நறுக்கி, அடுக்கு வலையில் பரப்பினால் ஒரு வாரம் போதும். ஆனால் தினமும் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். மணமும் ஒரு படி குறைவு. அப்படியிருந்தும், பூ பருத்து, அறுவடைக்கு முன் மழையிலும் நனைந்திருந்தால் நான் வலையைத்தான் சொல்வேன். சாம்பல் பூஞ்சை பருத்த பூவின் உள்ளே இருந்து தொடங்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். சிறு துண்டுகளாக்கினால் உள்ளேயும் காற்றுப் போகும். பூஞ்சை கண்டால் அந்தப் பூவை முழுசாக எறியுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலுக்கு அது பெரிய ஆபத்து.

வீட்டு ஹீட்டர் ஓடத் தொடங்கிவிட்டால் கதை மாறும். காற்று வறண்டு, பூ நாலைந்து நாளிலேயே நொறுங்கும். அப்போது இலைகளை வெட்டாமல் முழுச் செடியாகவே தொங்கவிடுங்கள். இலைகள் சுருண்டு பூவை மூடிக்கொள்வதால் உலர்வது தாமதமாகும்.

அடுப்பு, மைக்ரோவேவ் இரண்டும் வேண்டாம். சூட்டில் மணம் பறந்துவிடும், பச்சைப் புல் நெடி மட்டும் மிஞ்சும். உறைய வைத்து உலர்த்தும் இயந்திரம் ஓரிரு நாளில் நிறமும் வடிவமும் கெடாமல் முடித்துத் தரும்தான். ஆனால் விலை ஆயிரக்கணக்கான டாலர். நான்கு செடிக்கு அது கட்டாது.

எந்த முறையானாலும், மெல்லிய காம்பை வளைத்தால் டக்கென்று ஒடிய வேண்டும். அப்புறம் கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு நிரப்பி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் சில நிமிடம் திறந்து மூடுங்கள். திறக்கும்போது அமோனியா நெடி அடித்தால் ஈரம் மிச்சம் இருக்கிறது. உடனே எடுத்து மறுபடி வலையில் பரப்புங்கள்.