பாண்டாபவரில் டிசிஎஸ்சி: மைனஸ் குறிக்கு ஒரு சாயங்காலம்

எம்.இ. மாணவர் ஒருவர் ப்ராஜெக்டுக்கு டிசிஎஸ்சி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். மின் லைனில் தொடராக நுழைந்து பவர் ஓட்டத்தை மாற்றும் சாதனம் அது; உள்ளே ஒரு கெப்பாசிட்டர், அதற்கு இணையாகத் தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்சுடன் ஓர் இண்டக்டர். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளின் லைசென்ஸ் எங்கள் லேபில் முடிந்து மாதக்கணக்காகிறது. சரி, இலவசமாகக் கிடைப்பதைப் பார்ப்போம் என்று, மின்வலைக் கணக்குப் போடும் பாண்டாபவரை இறக்கினோம். ஜெர்மனியின் காசல் பல்கலைக்கழகமும் ஃபிரான்ஹோஃபர் ஐஇஇ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்தது, பைத்தானில் ஓடும். பழைய லேப்டாப்பே போதும்.

சோதனைக்குச் சின்னக் கணக்கு ஒன்று வைத்துக்கொண்டேன். இரண்டு பஸ் (லைன்கள் வந்து சேரும் இடம்), நடுவே இணையாக இரண்டு 230 கேவி லைன். ரியாக்டன்ஸ் (ஏசி மின்சாரத்துக்கு இண்டக்டரோ கெப்பாசிட்டரோ காட்டும் எதிர்ப்பு) ஒன்றில் 40 ஓம், மற்றதில் 60 ஓம். லோடு 300 மெகாவாட். ரெசிஸ்டன்ஸை மறந்துவிட்டால் முதல் லைனில் 180, இரண்டாவதில் 120 போகும். இரண்டிலும் 150 வேண்டுமென்றால் 60 ஓம் லைனில் தொடராக 20 ஓம் கெப்பாசிட்டிவ் ரியாக்டன்ஸ் நுழைய வேண்டும். விடை முன்பே கையில் இருப்பதால் மென்பொருள் ஏமாற்ற முடியாது.

இதில் டிசிஎஸ்சி லைனுக்குள் உட்காராது, இரண்டு பஸ்ஸுக்கு நடுவேதான் உட்காரும். அதனால் லைனின் முனையில் கூடுதலாக ஒரு பஸ் போட வேண்டும். அது இரண்டு நிமிட வேலை. சாயங்காலத்தைத் தின்றது வேறு. போக வேண்டிய பவரை 150 என்று கொடுத்தேன்; கணக்கு முடியவே இல்லை. பவரை அளப்பது 'டு' பஸ் பக்கத்தில். அங்கிருந்து சாதனத்துக்குள் வருவதுதான் பிளஸ். வெளியே போவதை மைனஸ் 150 என்று கொடுக்க வேண்டும்!

திருத்தியும் நகரவில்லை. இந்தத் தடவை தப்பு என்னுடையது. கெப்பாசிட்டர் 15 ஓம், இண்டக்டர் 2.5 ஓம் என்று வைத்திருந்தேன். இந்த ஜோடிக்கு ஃபயரிங் ஆங்கிள் (ஒவ்வொரு அலையிலும் தைரிஸ்டர் திறக்கும் நேரத்தைக் கோணமாகச் சொல்வது) 136 டிகிரி அருகே ரெசொனன்ஸ் வரும்; அங்கே இரண்டும் சமமாகி ரியாக்டன்ஸ் எகிறிவிடும். அதற்குக் கீழே டிசிஎஸ்சி இண்டக்டர்போல நடக்கும். நான் தொடக்க மதிப்பாக 130 கொடுத்திருந்தேன். அந்தப் பக்கம் நின்றுகொண்டு நியூட்டன் ராப்சனை (தொடக்க மதிப்பிலிருந்து படிப்படியாக விடையை நெருங்கும் கணக்கு முறை) மலையேறச் சொன்னால் எப்படி ஏறும்? 160 என்று மாற்றியதும் உடனே முடிந்தது. ரிசல்ட் அட்டவணையில் ஆங்கிள் 153-ஐ ஒட்டி, ரியாக்டன்ஸ் 20 ஓமை ஒட்டி. மாணவருக்கு ரெசொனன்ஸ் புரிந்ததும் அப்போதுதான். நான் போர்டில் மூன்று தடவை வரைந்தது வீண்.

வோல்டேஜைத் தாங்கிப்பிடிக்கும் சாதனங்களில் எஸ்விசி இருக்கிறது, ஸ்டாட்காமுக்கு எஸ்எஸ்சி என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. வோல்டேஜ், பவர் ஓட்டம் இரண்டையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் யுபிஎஃப்சி மட்டும் ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் கென்டக்கியின் ஐனெஸ் துணைமின்நிலையத்தில் 1998-லேயே ஓடிய சாதனம், கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அப்புறம், இது நிலைத்த நிலைக் கணக்குக்கு மட்டும். ஃபால்ட் விழுந்தபின் ஜெனரேட்டர் எப்படி ஆடுகிறது, தைரிஸ்டர் அதை எப்படி அடக்குகிறது என்று பார்க்க வேண்டியவர்கள் இதை இறக்க வேண்டாம். எங்கள் மாணவரின் இரண்டாம் கட்டம் அதுதான். லைசென்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி மறுபடியும் கடிதம் எழுதியிருக்கிறேன்.