ஸ்ராண்ட் ஃபானும் முக்கோண ஸ்க்ரூவும்

"உங்கட ஸ்ராண்ட் ஃபான் எப்பிடி? அதையே நாங்களும் எடுக்கவோ?" என்று மச்சாள் கேட்டிருந்தார். திருத்தக் கொடுத்த ஃபான் வீட்டுக்கு வந்த கையோடு எழுதுகிறேன்.

காற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சித்திரை வெக்கையில் விறாந்தையில் வைத்தால் கடைசிப் பாயில் படுத்திருப்பவருக்கும் காற்றுப் போகும். இரண்டாம் நம்பரில் சத்தமே தெரியாது.

ஆனால் ஒரு மத்தியானம் சுற்று மெதுவாகி, மோட்டர் கை வைக்க முடியாமல் சுட்டு, அப்படியே நின்றுவிட்டது. வாங்கிய இடத்தில் கழற்றிக்கூடப் பார்க்காமல், "மோட்டர் எரிஞ்சிட்டுது, புதுசு எடுங்கோ" என்றார்கள். நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

சந்தியில் ஃபான் திருத்தும் ஐயாவிடம் கொண்டுபோனேன். மோட்டர் மூடியில் முக்கோணக் குழி வைத்த ஸ்க்ரூக்கள். சாதாரண ஸ்க்ரூ ட்ரைவர் அதற்குள் இறங்காது. பழைய ட்ரைவர் ஒன்றின் முனையை முக்கோணமாக அராவி வைத்திருந்தார், அதனால்தான் திறந்தது. உள்ளே கொயிலோடு, அதாவது செம்புக் கம்பிச் சுருளோடு, சேர்த்து நூலால் வரிந்து கட்டியிருந்தது தெர்மல் ஃபியூஸ். சூடு மிஞ்சினால் அறுந்துபோய்த் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். கொயிலின் சூடு தெரிய அது கொயிலோடு ஒட்டித்தான் இருக்க வேண்டும், அதில் கம்பனியைக் குறை சொல்ல மாட்டேன். அந்த முக்கோண ஸ்க்ரூ எதற்கு? வீட்டுக்காரரும் சந்திக் கடைக்காரரும் திறக்கக்கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

"கொயில் நல்லாத்தான் கிடக்கு பிள்ளை. புஷ் காய்ஞ்சு இறுகின சூட்டில ஃபியூஸ் அறுந்து போட்டுது" என்றார் ஐயா.

மோட்டர் தண்டு சுழலும் சின்ன உலோகக் குழல்தான் புஷ். அதைச் சுற்றியுள்ள கம்பளி வளையம்தான் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். அது தூசியேறிக் கறுத்துக் கட்டியாகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, அதே அளவு ஃபியூஸ் போட்டார். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாள்பட்டால் பிசினாகிவிடும். ஃபியூஸ் இல்லாமல் வயரை நேரே இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம்.

புது ஃபான் விலையோடு பார்த்தால் கூலி ஒரு காசே இல்லை. புதுசு எடுத்திருந்தால் இதன் செம்பு பழைய இரும்புக்காரரிடம் போயிருக்கும், பிளாஸ்டிக் வளவு மூலையில் எரிந்திருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறில்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், மேலே கொட்டுவது சுலபமாகக் கிணற்றுக்கு இறங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் வோஷிங் மெஷின், பிரிட்ஜ் போன்றவற்றைத் திருத்திக் கொடுக்கும் கடமையை உற்பத்தியாளர் மேலேயே சட்டமாக வைத்தது. இங்கே ஒரு ஸ்க்ரூவைக்கூட ஒழுங்காகப் போட மாட்டார்களா?

ஃபான் இப்போது முன்னைவிட நன்றாகச் சுற்றுகிறது. என்றாலும் மச்சாள், எடுக்காதேங்கோ. கடையில் ஃபானின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போட்டிருந்தால், காற்றுக் கொஞ்சம் குறைவென்றாலும் அதையே எடுங்கோ.