ஆட்டுப் பட்டிக்கு வரும் கயோட்டி: .223 ரைஃபிளோடு பல வருட அனுபவம்

டல்லாஸ், ஹூஸ்டன் பக்கத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "அண்ணே, கயோட்டிக்கு எந்தக் காலிபர் வாங்கலாம்?" கயோட்டி என்பது வட அமெரிக்காவில் வாழும், ஓநாய்க்குச் சொந்தமான காட்டு மிருகம். காலிபர் என்பது தோட்டாவின் அளவு. பல வருடமாக நான் சொல்லும் பதில் மாறவில்லை. .223 ரெமிங்டன் தோட்டா, நல்ல போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இழுத்து ஏற்றும்) ரைஃபிளில். ஏன் அதையே சொல்கிறேன், எந்த இடத்தில் அது போதாமல் போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

நான் போவது மேற்கு டெக்சஸில், சான் ஏஞ்சலோவைச் சுற்றியுள்ள ஆட்டுப் பண்ணைகளுக்கு. அமெரிக்காவில் செம்மறியும் வெள்ளாடும் அதிகம் இருக்கும் மாநிலம் டெக்சஸ். அதிலும் எட்வர்ட்ஸ் பீடபூமிப் பக்கம் ஆட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. குட்டி போடும் பருவத்தில் ஒரு ஜோடி கயோட்டி பட்டியின் ருசி கண்டுவிட்டால், பண்ணைக்காரருக்கு அந்த வருட வருமானமே ஆட்டம் காணும். தொண்டையைக் கவ்விக் கொன்று போட்டிருக்கும் குட்டிகளை ஒரு காலையில் பார்த்துவிட்டால், இந்த வேட்டை ஏன் நடக்கிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. டெக்சஸ் சட்டத்தில் கயோட்டிக்கு மூடிய பருவம் கிடையாது. நிலக்காரர் அனுமதி இருந்தால் வருடம் முழுக்க வேட்டையாடலாம்.

மிருகத்தைப் பற்றி முதலில். இந்தப் பக்கத்துக் கயோட்டி 10 முதல் 15 கிலோதான் இருக்கும். ரோமம் புசுபுசுவென்று இருப்பதால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். உள்ளே உடம்பு ஒல்லி. நெஞ்சில் குறி வைக்க வேண்டிய உயிர்நிலை ஐந்து, ஆறு அங்குலத்துக்கு மேல் போகாது. ஆக இதற்குப் பெரிய தோட்டா தேவையில்லை. சின்னத் தோட்டாவைச் சரியான இடத்தில் வைக்கத் தெரிய வேண்டும். காலிபர் பற்றி நான் சொல்வது எல்லாமே இந்த ஆறு அங்குலத்தை வைத்துத்தான்.

என்னிடம் இருப்பது டிக்கா டி3எக்ஸ், .223இல். பின்லாந்தில் சாக்கோ தொழிற்சாலையில் செய்வது. ஒரு நூறு கெஜத்தில் மூன்று தோட்டா ஒரு அங்குலத்துக்குள் விழும் என்பது அவர்கள் சொல்லும் உத்தரவாதம். என்னுடையது இத்தனை வருடத்தில் அதைத் தாண்டியதில்லை. போல்ட்டைப் பின்னால் இழுத்தால் கண்ணாடியில் வழுக்குவது போல வரும். விசையில் முன்னோட்டமே இல்லை, அழுத்தம் சேரச் சேர ஒரே இடத்தில் சட்டென்று உடையும். கையுறை போட்ட விரலுக்கும் அந்த இடம் தெரியும். ஜனவரிக் குளிரில் விடிவதற்கு முன்னால் போய் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒரு விஷயம் மட்டும் தெரிந்து வாங்குங்கள். டிக்காவில் எல்லாக் காலிபருக்கும் ஒரே நீள ஆக்‌ஷன்தான் (தோட்டாவை ஏற்றி வெளியேற்றும் இயந்திரப் பகுதி). .223 போன்ற குட்டைத் தோட்டாவுக்கென்றே செய்த சின்ன ஆக்‌ஷன் வேண்டும் என்றால் ஹோவா மினி இருக்கிறது. எடை குறைவு, நாள் முழுக்க நடப்பவர்களுக்கு நல்லது.

.223இன் பெரிய பலம் கடையில் இருக்கிறது. ராணுவத் தோட்டா ஒன்றின் உடன்பிறப்பு என்பதால் சென்டர்ஃபயர் (அடிப்பகுதியின் நடுவில் பற்றவைக்கும்) ரைஃபிள் தோட்டாக்களிலேயே மிக மலிவாகக் கிடைப்பவற்றில் ஒன்று இது. இன்னும் வேகமான .22-250 தோட்டாவுக்கு ஒரு பெட்டி வாங்கும் காசில் பயிற்சிக்கான .223 இரண்டு பெட்டியாவது வாங்கலாம். நிறையச் சுட்டுப் பழகுகிறவர் கைக்குத்தான் அந்த ஆறு அங்குலம் வசப்படும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. ராணுவ வகையான 5.56 தோட்டாவும் .223ம் பார்க்க ஒன்று போலவே இருக்கும். குழலில் .223 என்று மட்டும் பொறித்திருந்தால் 5.56 போட்டுச் சுடாதீர்கள். அழுத்தம் எகிறும்.

உதை குறைவு என்பதை எல்லாரும் தோள் வலியோடு சேர்த்துப் பேசுகிறார்கள். எனக்கு அதில் கிடைக்கும் லாபம் வேறு. சுட்ட பிறகும் ஸ்கோப்பில் (குறி பார்க்கும் தொலைநோக்கியில்) கயோட்டி காட்சியை விட்டுப் போகாது. தோட்டா எங்கே விழுந்தது, அது சுருண்டதா, தப்பி எந்தப் புதருக்குள் ஓடியது எல்லாம் கண்ணால் பார்க்கலாம். அடிபட்ட மிருகத்தைத் தேடி முடிப்பது நம் கடமை. அதற்கு இந்தப் பார்வை மிக முக்கியம்.

சரி, .22-250க்கு வருவோம். .250 சாவேஜ் தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி ஆர்வலர்கள் தாங்களே செய்துகொண்டிருந்த தோட்டா இது. 1965இல் ரெமிங்டன் முறையாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே 55 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு, .223இல் நொடிக்கு 3,240 அடி வேகம் என்றால் இதில் 3,680 அடி. பக்கத்துப் பண்ணைக்காரர் வருடக்கணக்காக இதைத்தான் வைத்திருக்கிறார், நானும் நிறையச் சுட்டிருக்கிறேன். 200 கெஜத்துக்குப் பூஜ்யம் வைத்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால், 300 கெஜத்தில் ஐந்து அங்குலம்தான் இறங்கும், .223 ஏழு அங்குலம் கிட்ட இறங்கும். கயோட்டி அடிபட்டால் அங்கேயே விழும். ஆனால் குழல் சீக்கிரம் சூடேறும். நாலைந்து தோட்டா தொடர்ந்து சுட்டால் குழலிலிருந்து எழும் கானல் ஸ்கோப்புக்கு முன்னால் நெளிய ஆரம்பிக்கும். பழைய .22-250 ரைஃபிள்கள் பலவற்றில் குழலின் முறுக்கு (குண்டைச் சுழல வைக்கும் உட்புற வரி) 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதில் 55 கிரெயினுக்கு மேல் கனமான, நீளமான குண்டு போட்டால் நிலைப்படாது. இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் முறுக்கைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். 8 அங்குல முறுக்குள்ள .223 என்றால் 50 முதல் 75 கிரெயின் வரை எல்லாவற்றையும் ஏற்கும்.

.204 ரூகர் 2004இல் வந்தது. 32 கிரெயின் குண்டு நொடிக்கு 4,225 அடி வேகத்தில் போகும், கேட்கவே கிறுகிறுக்கும். தெற்கு டகோட்டாவில் ப்ரேரி நாய் (பெயர்தான் நாய், வளை தோண்டும் அணில் வகை) சுடப் போகிறவர்கள் இதைக் கொண்டாடுவது சரிதான். அரைக் கிலோ, ஒரு கிலோ எடையுள்ள மிருகம், நாள் முழுக்கச் சுடுவது, உதையே தெரியாத துப்பாக்கி. கயோட்டிக்கு எடுத்தால் 40 கிரெயின் எடுங்கள். குழல் குறுகலானது என்பதால் துடைக்கும் கம்பி முதல் தூரிகை வரை தனியாக வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். .17 ஹெச்எம்ஆர் என்ற சின்னத் தோட்டா முயலுக்கும் அணிலுக்கும் அருமை. கயோட்டிக்கு அதை எடுத்துப் போகாதீர்கள். நூறு கெஜத்துக்கு மேல் அடிபட்டு ஓடித் தவிக்க விடுவதில்தான் முடியும்.

இப்போது காற்று. மேற்கு டெக்சஸில் காற்றில்லாத நாள் அபூர்வம். மணிக்கு 10 மைல் வேகத்தில் பக்கவாட்டில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இங்கே அது சாதாரணக் காற்று. 300 கெஜத்தில் .223இன் 55 கிரெயின் குண்டு சுமார் 10 அங்குலம் ஒதுங்கும். .22-250 எட்டு, ஒன்பது அங்குலம். .243 வின்செஸ்டரில் 87 கிரெயின் குண்டு என்றால் ஆறு அங்குலம். உயிர்நிலையே ஆறு அங்குலம் இருக்கும் மிருகத்திடம் இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் 150 கெஜத்தில் பாருங்கள், .223 ஒதுங்குவது இரண்டரை அங்குலத்துக்குள். .22-250க்கும் அதற்கும் இடையே அரை அங்குலம்கூட வராது. கூப்பிட்டு வரவழைக்கும் கயோட்டி எங்கள் நிலத்தில் பெரும்பாலும் 150 கெஜத்துக்குள் வந்துவிடுகிறது. மெஸ்கீட், சீடர் மரங்கள் அடர்ந்த நிலத்தில் அதற்கு மேல் பார்வையே போகாது. இதனால்தான் நான் .223ஐ விட்டு நகரவில்லை.

நிலம் வேறு என்றால் முடிவும் வேறு. லப்பக் நகரத்துக்கு வடக்கே, பருத்தி வெட்டிய வயல்கள் அடிவானம் வரை விரிந்து கிடக்கும் இடங்களில் 300, 350 கெஜம் சாதாரணம். அங்கே வேட்டையாடுகிறவர் .243 வாங்கட்டும், யோசிக்கவே வேண்டாம். 1955இல் வந்த தோட்டா, .308இன் கழுத்தைச் சுருக்கியது. கனமான குண்டு போட்டால் மானுக்கும் ஆகும், ஒரே துப்பாக்கியில் இரண்டு வேலை. உதை கூடும், சத்தம் கூடும், தோட்டாவின் விலையும் கூடும். காற்றில் அது செய்யும் உதவிக்கு அந்த விலை தகும்.

குண்டின் வகை காலிபர் அளவுக்கே முக்கியம். நான் நெடுநாளாகப் பயன்படுத்துவது ஹார்னடி வி-மேக்ஸ், நுனியில் சின்னச் சிவப்புப் பாலிமர் முனை இருக்கும். மெல்லிய உறை, பட்டவுடன் உள்ளேயே சிதறிவிடும். மிருகம் துடிக்காமல் விழுகிறது. தப்பித் தரையில் பட்டாலும் பெரும்பாலும் அங்கேயே பொடியாகும், தெறித்துப் போகும் அபாயம் குறைவு. ஆடும் மாடும் மேயும் நிலத்தில் இது பெரிய நிம்மதி. அதற்காகப் பின்னணி பார்க்காமல் சுடலாம் என்று அர்த்தமில்லை. கயோட்டிக்குப் பின்னால் மண் மேடு இருக்க வேண்டும். மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டி நிற்கும் கயோட்டியை நான் விட்டுவிடுவேன்.

கூப்பிடும் முறையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்கோப்பைத் தீர்மானிப்பது அதுதான். மின்னணு ஒலிபெருக்கியை நாம் உட்காரும் இடத்திலிருந்து முப்பது, நாற்பது கெஜம் தள்ளி, காற்று வரும் பக்கம் வைப்பது வழக்கம். அடிபட்ட முயலின் அலறல் போகும். கயோட்டி நேராகச் சத்தத்துக்கு வராது. காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வளைந்து, வாசனை பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நெருங்கும். ஆகவே துப்பாக்கி அந்தப் பக்கம் பார்த்துத் தயாராக இருக்க வேண்டும். சில சமயம் பத்து, பதினைந்து கெஜத்தில் புதரிலிருந்து குபீரென்று வந்து நிற்கும். ஸ்கோப் 6 மடங்கிலேயே தொடங்கினால் கண்ணில் வெறும் ரோமம்தான் தெரியும். 3-9 அல்லது 2.5-10 போதும், எப்போதும் குறைந்த மடங்கில் வைத்து உட்காருங்கள். 6-24 எல்லாம் ப்ரேரி நாய்க்குக் கனக் குழல் ரைஃபிளோடு மேசையில் உட்கார்ந்து சுடுகிறவர்களுக்கு.

ஜனவரி, பிப்ரவரி இணை சேரும் காலம், இரண்டாக வரும். அப்போது ஏஆர்-15 (தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்) வைத்திருப்பவருக்கு இரண்டாவது தோட்டா உடனே கிடைக்கிறது, அது உண்மை. பண்ணைக்காரர்கள் பலர் வண்டியில் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்குப் போல்ட் பிடித்திருக்கிறது, முதல் தோட்டாவில் கவனம் முழுக்க இருக்கிறது.

இரவு வேட்டைக்கு உடல் சூட்டைக் காட்டும் வெப்பக் கருவி இப்போது பரவலாகிவிட்டது. அதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். இங்கே பல பண்ணைகளில் கிரேட் பைரனீஸ் காவல் நாய்கள் ஆட்டோடே வாழ்கின்றன. வெப்பத் திரையில் தூரத்தில் நாயும் கயோட்டியும் ஒரே வெள்ளைப் பொட்டுதான். தொங்கும் காதா, நிமிர்ந்த காதா, வால் சுருண்டு மேலே போகிறதா, கீழே தொங்குகிறதா, ஆடுகள் மிரள்கின்றனவா என்று பார்த்து உறுதியாகும் வரை விரல் விசைக்குப் போகக் கூடாது. இரவில் நான் 150 கெஜத்துக்கு மேல் சுடுவதில்லை. அன்று நாய்கள் எங்கே இருக்கின்றன என்று பண்ணைக்காரரிடம் கேட்காமல் உள்ளே போவதும் இல்லை.

நம்மவர்களுக்கு விசா விவகாரம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அந்தத் தடைக்கு விலக்கு உண்டு. கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே இந்தக் கேள்வி வரும். உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும், புதுப்பிக்கும் தேதியைத் தவற விடாதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சஸில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியைக் கடமைக்கு முடிக்காமல் காது கொடுத்துக் கேளுங்கள், நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரியை வேட்டையாடுவது குற்றம். இங்கே நான் எழுதுவது எதுவும் அங்கே பொருந்தாது.

அப்புறம், பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்கிறார்கள். ரைஃபிளில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, ரூகர் அமெரிக்கன் போன்ற சிக்கன ரைஃபிள்களும் கயோட்டிக்குத் தேவையான அளவு துல்லியமாகவே சுடுகின்றன. ஸ்கோப்பிலும் அதைப் பிடிக்கும் வளையங்களிலும் கை இறுக்காதீர்கள். தோட்டா ஒரே வகையில், முடிந்தால் ஒரே தொகுப்பு எண்ணில், மொத்தமாக வாங்கி வையுங்கள். காதுக் கவசம் கட்டாயம். நான் .223ஐ 200 கெஜத்துக்குப் பூஜ்யம் வைத்திருக்கிறேன். 100இல் ஒன்றரை அங்குலம் மேலே, 250இல் மூன்று அங்குலம் கீழே. 250 கெஜம் வரை நெஞ்சின் நடுவில் வைத்துச் சுட்டால் கணக்கே போட வேண்டியதில்லை. குட்டி போடும் பருவத்துக்கு முன்னால் ஒரு முறை, ரைஃபிள் எங்காவது இடிபட்டால் உடனே ஒரு முறை, காகிதத்தில் சுட்டுச் சரிபார்த்துக்கொள்கிறேன். குழல் குளிர்ந்திருக்கும்போது விழும் அந்த முதல் தோட்டாவைத்தான் பாருங்கள், கயோட்டிக்குப் போவது அதுதான்.